தக்காளி இலையில் புள்ளியா? மருந்தை எடுக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஆடியில் விதை போட்டு, ஆவணியில் பைக்கு மாற்றிய தக்காளி, புரட்டாசி முடிகிற நேரத்தில் பூவும் பிஞ்சுமாக நிற்கும். சரியாக அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும். நாலு நாள் விடாமல் தூறிவிட்டு வெயில் எட்டிப் பார்க்கிற காலையில் மாடிக்குப் போனால், அடி இலையில் பழுப்பாக ஒரு புள்ளி. மறுநாள் பத்து. மாடித்தோட்டம் போட்ட முதல் வருடம் நான் பதறிப்போய், பதினோரு மணி வெயிலில், வேப்பெண்ணெயோடு பாத்திரம் கழுவும் சோப்பைத் தாராளமாகக் கலந்து அடித்தேன். இரண்டே நாளில் ஆறு செடியும் கருகின. இலையில் இருந்தது சிலந்திப்பூச்சி, சாறு உறிஞ்சும் பொடி உயிர். தண்ணீரைப் பீய்ச்சி அடித்திருந்தாலே போயிருக்கும்.

புள்ளி என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் எதனால் வந்தது என்று தெரியாமல் மாத்திரை போடக்கூடாது. கண், கை, ஒரு வெள்ளைத்தாள், ஒரு சின்ன லென்ஸ் இருந்தால் பெரும்பாலான புள்ளிகளை வீட்டிலேயே அடையாளம் கண்டுவிடலாம்.

படி 1: முதலில் தள்ளி நின்று பாருங்கள்

இலையைத் தொடுவதற்கு முன் இரண்டடி தள்ளி நின்று, புள்ளி செடியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

அடி இலைகளில் தொடங்கி மேலே ஏறுகிறதா? மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது பூஞ்சை வித்துகளும் சேர்ந்து இலைக்கு வந்திருக்கும். மெக்னீசியம், பொட்டாசியம் குறைந்தாலும் அடி இலைதான் முதலில் காட்டும். ஏனென்றால் செடி தன் பழைய இலையிலிருந்து இந்தச் சத்துகளை உறிஞ்சிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும்.

கொழுந்தில் தொடங்கியிருந்தால் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான இலைப்பேனையோ, வைரஸையோ சந்தேகப்படுங்கள். சுவரை ஒட்டிய பக்கம், வெயில் படும் பக்கம் என்று ஒரே பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் அது வெயில் சூடு. எல்லாச் செடியிலும் ஒரே நாளில் வந்திருந்தால், அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் நீங்கள் என்ன தெளித்தீர்கள், என்ன உரம் போட்டீர்கள் என்று யோசியுங்கள். நோய் இப்படி ஒரே நாளில் எல்லாச் செடியிலும் வராது.

படி 2: இலையைத் திருப்புங்கள்

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் மேல்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். சங்கதி இருப்பதோ அடிப்பக்கத்தில். காலை ஏழு மணிவாக்கில், பனி காய்வதற்குள் பாருங்கள்.

மேலே வெளிர் மஞ்சள் திட்டு, அடியில் அதே இடத்தில் ஆலிவ் பச்சை நிறத்தில் வெல்வெட் மாதிரி படிந்திருந்தால் அது இலைப்பூசணம். காற்றோட்டம் இல்லாமல் நெருக்கி வைத்த பைகளிலும், நிழல்வலைக்கு உள்ளேயும் இது அதிகம். மேலே நீர் கோத்த மாதிரி பெரிய கரும்பச்சைத் திட்டு, அடியில் அதன் ஓரமாக வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தால் பின்பருவ இலைக்கருகல். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும்பஞ்சத்துக்குக் காரணமான அதே நோய்தான் இது. இதற்குக் குளிரும் ஈரமும் வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் உஷாராக இருக்க வேண்டும். சென்னை, மதுரை மாடியில் இதைக் காண்பது அபூர்வம்.

படி 3: நாலு சின்னச் சோதனைகள்

தாள் சோதனை: இலைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்து, இலையை விரலால் இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது நகர்கிறதா? மெதுவாக ஊரும் புள்ளி சிலந்திப்பூச்சி. அதை விரலால் தேய்த்தால் செம்பழுப்பாகக் கோடு விழும். சின்ன ஊசித்துண்டு போல நீளமாக இருந்து விறுவிறுவென்று ஓடினால் இலைப்பேன்.

வெளிச்சச் சோதனை: இலையைச் சூரியனுக்கு நேரே பிடியுங்கள். பாக்டீரியாப் புள்ளி 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. கறுத்து, எண்ணெய் பட்ட மாதிரி தெரியும். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும்.

பேனாச் சோதனை: எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மார்க்கர் பேனாவால் புள்ளியின் ஓரத்தை ஒட்டி வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். புள்ளி கோட்டைத் தாண்டியிருந்தால் உயிருள்ள ஏதோ ஒன்று இலையைத் தின்றுகொண்டிருக்கிறது. கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டால் அது பழைய காயம். வெயிலோ மருந்தோ சுட்டதாக இருக்கலாம்.

டப்பாச் சோதனை: சந்தேகம் தீராவிட்டால் புள்ளி விழுந்த இலை ஒன்றைப் பறித்து, ஈரமான டிஷ்யூ தாள் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடிவிடுங்கள். ஒருநாள், இரண்டு நாளில் திறந்து லென்ஸில் பாருங்கள். புள்ளியின் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் முளைத்திருந்தால் பூஞ்சை உறுதி. அதற்கு மேல் வைத்திருக்காதீர்கள். நாள் போனால் எந்தச் செத்த இலையிலும் ஏதாவது பூசணம் பிடித்துவிடும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

படி 4: புள்ளியைப் பெயரோடு பொருத்துதல்

நம் ஊர் மாடிகளில் மழைக்காலத்தில் அதிகம் வருவது முன்பருவ இலைக்கருகல். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையின் வேலை. இதை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள். புள்ளியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெட்டின மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி பழுப்பு வளையத்துக்குள் வளையமாக இருக்கும். சுற்றிலும் மஞ்சள் விளிம்பு. நடுப்பகுதி காய்ந்து, லேசாக அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கும். தரையை ஒட்டிய இலையில் தொடங்கி ஒவ்வோர் அடுக்காக மேலே ஏறும். தண்டிலும் அதே வளையத்தோடு நீளமான கறுப்புத் திட்டு விழுந்தால், காயின் காம்புப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். அடுத்து அங்கேதான் போகும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியது செப்டோரியா என்ற இன்னொரு பூஞ்சை. இதில் வளையம் இருக்காது. 2, 3 மில்லிமீட்டர் அளவில் ஏராளமான வட்டப் புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறம், ஓரம் கறுப்பு. பத்து மடங்கு காட்டும் லென்ஸில் பார்த்தால் அந்தச் சாம்பல் நடுவில் மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் பொட்டுகள் தெரியும். அந்தப் பொட்டு தெரிந்துவிட்டால் வேறு சந்தேகமே வேண்டாம்.

கோடையில், அதாவது பங்குனி சித்திரையில் வரும் புள்ளி வேறு. ஊசியால் குத்தின மாதிரி இலை முழுக்க வெளிர் புள்ளி, அடியில் நூலாம்படை இருந்தால் சிலந்திப்பூச்சி. வெள்ளிப்பூச்சு போட்டதுபோல் மினுங்கும் திட்டும், அதன் மேல் கறுப்புப் பொட்டுமாக இருந்தால் இலைப்பேன். வெள்ளையாகப் பாம்பு நெளிந்த மாதிரி கோடு போயிருந்தால் அது இலைத்துளைப்பான். உள்ளே புழு இருக்கிறது, நோய் இல்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கொழுந்து இலையில் வெண்கல நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளும் வளையங்களும் வந்து, நுனி கருகித் தலை சாய்ந்தால் அது இலைப்பேன் பரப்பும் வைரஸ். புள்ளி வாடல் நோய் என்பார்கள். இதற்கு மருந்து கிடையாது. எவ்வளவு ஆசையாக வளர்த்த செடியாக இருந்தாலும் அன்றைக்கே வேரோடு பிடுங்கிவிடுங்கள். பக்கத்துச் செடிகளைக் காப்பாற்ற வேறு வழி இல்லை.

சத்துக்குறை எப்படி இருக்கும்? நரம்பு பச்சையாகவே இருந்து, நரம்புகளுக்கு நடுவில் மஞ்சளாகி, பிறகு பழுப்புத் திட்டு விழுந்தால் மெக்னீசியம் போதவில்லை. இலையின் ஓரம் மட்டும் நெருப்பில் வாட்டின மாதிரி காய்ந்தால் பொட்டாசியக் குறையாக இருக்கலாம், உப்பாகவும் இருக்கலாம். பையின் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உப்புதான். போர்வெல் தண்ணீரும் சரியாகக் கழுவாத தென்னை நார்க்கழிவும் சேர்ந்தால் இது சீக்கிரம் வரும்.

படி 5: வெட்டு, விலக்கு, காயவிடு

நோய்தான் என்று தெரிந்ததும் கத்திரிக்கோலை எடுங்கள். புள்ளி விழுந்த அடி இலைகளை நறுக்குங்கள், ஆனால் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். செடி காய்க்கிறதற்கு இலை வேண்டும். ஒரு செடியை முடித்து அடுத்த செடிக்குப் போகும்போது கத்திரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது வெட்டக் கூடாது, கையோடு நோயும் பரவும். வெட்டின இலையை உரத்தொட்டியில் போடாமல் குப்பையோடு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், மண்ணிலிருந்து ஓர் அடி உயரம் வரை இலையே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்கு வைக்கோலோ காய்ந்த சருகோ பரப்புங்கள். மழைத்துளி தெறிப்பது நின்றாலே பாதி நோய் நின்றுவிடும். தண்ணீரைக் காலையில், தூரில் மட்டும் ஊற்றுங்கள். பைகளுக்கு இடையில் இரண்டடி விடுங்கள். என் அனுபவத்தில் எந்த மருந்தையும் விட இந்த வேலைகள்தான் செடியைக் காப்பாற்றியிருக்கின்றன.

படி 6: தேவைப்பட்டால் மட்டும் தெளிப்பு

பூஞ்சைக்கு, லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி கலந்து மாலையில் இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். இது நோய் வரும் முன்பும், வந்த புதிதிலும்தான் நன்றாக வேலை செய்யும். மழை தொடர்ந்து நோய் மீறினால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம். பாக்டீரியாப் புள்ளிக்கும் இதுவே. பொட்டலத்தில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாள் முடியும் வரை காய் பறிக்காதீர்கள். சூடோமோனாஸும் காப்பரும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. அது உயிருள்ள நல்ல பாக்டீரியா, காப்பர் அதைக் கொன்றுவிடும்.

சிலந்திப்பூச்சிக்கு முதலில் தண்ணீர்தான். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று தடவை இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சி அடியுங்கள். குறையாவிட்டால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, காதி சோப்புக் கரைசல் சில சொட்டு, சூரியன் இறங்கிய பிறகு. முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து ஒருநாள் பொறுங்கள். மெக்னீசியக் குறைக்கு எப்சம் உப்பு லிட்டருக்கு 3 கிராம் கலந்து இலையில் தெளித்தால் போதும். உப்பு ஏறின பைக்கு, அடித்துளை வழியே தாராளமாக வடியும்படி நல்ல தண்ணீரோ மழைத்தண்ணீரோ இரண்டு மூன்று முறை ஊற்றிக் கழுவுங்கள்.

படி 7: புது இலையைப் பாருங்கள்

புள்ளி விழுந்த இலை மறுபடி பச்சையாகாது. அதைப் பார்த்து, மருந்து கேட்கவில்லையே என்று இன்னொரு மருந்துக்குத் தாவாதீர்கள். பத்து நாள் கழித்து, புதிதாக விரிந்த இலைகள் சுத்தமாக இருக்கின்றனவா, பேனாக் கோட்டைப் புள்ளி தாண்டவில்லையா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் செடி தேறிவிட்டது.

அறுவடை முடிந்ததும் வேர், சருகு எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு மண்ணை மாடியில் கொட்டி, நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் இறுக மூடி, சித்திரை வெயிலில் நாலு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். அடுத்த ஆடிக்கு அந்த மண்ணில் தக்காளி வேண்டாம். கத்தரி, மிளகாயும் அதே குடும்பம்தான். வெண்டையோ தண்டுக்கீரையோ போடுங்கள்.