மலேசியா, சிங்கப்பூர் பயணம்: ரிங்கிட்டும் வெள்ளியும் நஷ்டமில்லாமல் வாங்குவது எப்படி?

தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறவர்கள், மகளின் பிள்ளைப்பேறு பார்க்கச் சிங்கப்பூர் கிளம்பும் ஆச்சிமார், கோலாலம்பூர் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் என்று செட்டிநாட்டிலிருந்து வருடம் முழுவதும் யாராவது விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டிக்கெட்டில் 500 ரூபாய் குறைய நான்கு நாள் இணையத்தில் தேடுகிறவர்கள்கூட, பணம் மாற்றும்போது இரண்டாயிரம் மூவாயிரத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு வருகிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரிங்கிட் என்பது மலேசியப் பணம், வெள்ளி என்று இங்கே சொல்வது சிங்கப்பூர் டாலர்.

படி 1: அன்றைய நடுவிலையைப் பாருங்கள்

கூகுளில் "1 ரிங்கிட் எத்தனை ரூபாய்" என்று தேடினால் ஒரு எண் வரும். அது சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள விலை. அந்த விலைக்கு எந்தக் கடையும் நமக்குத் தராது, அதற்காகக் கடைக்காரரிடம் சண்டை போடவும் கூடாது. அவருக்கும் வாடகை, சம்பளம் எல்லாம் இருக்கிறதே. ஆனால் அதைவிட எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ள அந்த எண் வேண்டும். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே தினமும் ஒரு தடவை பார்த்துவைத்தால் போதும்.

படி 2: "கையில் வந்த விலை" கணக்கு

இந்தப் படியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதிலேயே அடங்கிவிடும்.

கடைப் பலகையில் இரண்டு வரிசை இருக்கும்: "வீ பை", "வீ செல்". கடை நமக்கு விற்கிறது, ஆகவே நாம் பார்க்க வேண்டியது "வீ செல்" வரிசை. ஆனால் அந்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். சர்வீஸ் சார்ஜ் என்று ஒன்று தனியாக வரலாம். ஜி.எஸ்.டி. கண்டிப்பாக வரும். மாற்றும் தொகை ஒரு லட்சம் ரூபாய் வரை இருந்தால், அதில் 1 சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாய்) சேவையின் மதிப்பாக வைத்து, அந்த மதிப்புக்கு 18 சதவீதம் வரி போடுவார்கள்.

கணக்குக்கு எளிதாக நடுவிலை 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது 2,000 ரிங்கிட்.

முதல் கடை 20.40 சொல்கிறது, வேறு சார்ஜ் இல்லை. 40,800 ரூபாய், அதோடு வரி 73 ரூபாய். மொத்தம் 40,873. இதை 2,000ஆல் வகுத்தால் ஒரு ரிங்கிட் கையில் வந்த விலை 20.44.

இரண்டாவது கடை 20.25 சொல்கிறது. கேட்கும்போது இதுதான் மலிவு. ஆனால் 500 ரூபாய் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் 18 சதவீதம் வரி. எல்லாம் கூட்டினால் 41,163. கையில் வந்த விலை 20.58.

பலகையில் மலிவாக இருந்த கடைதான் விலை கூடிய கடை. கார்டு, ஏ.டி.எம்., விமான நிலையக் கவுன்டர், எதுவானாலும் இதே போல "மொத்தம் போன ரூபாய், வகுத்தல் கையில் வந்த ரிங்கிட்" என்று போட்டுப் பாருங்கள். வட்டிக் கணக்கு வாயாலேயே போட்ட ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

படி 3: போனில் மூன்று இடம் விசாரியுங்கள்

காரைக்குடியில் உள்ள வங்கி ஒன்று, பணம் மாற்றும் கடை ஒன்று, திருச்சியில் ஒன்று. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது, அதுவும் வெளிநாட்டு நாணய வியாபாரத்தை முக்கிய நோக்கமாக வைத்து. அப்படிப்பட்ட ஊர் இது. ஆனாலும் இன்று எல்லா வங்கிக் கிளையிலும் நோட்டு கையிருப்பு இருக்காது, சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். அதனால்தான் முன்கூட்டியே கேட்கச் சொல்கிறேன்.

கேட்கும் விதம் முக்கியம். "இன்னைக்கு ரேட் என்ன?" என்று கேட்டால் பலகை விலைதான் வரும். இப்படிக் கேளுங்கள்:

"அண்ணே, 2,000 ரிங்கிட் நோட்டா வேணும். ஜி.எஸ்.டி., சார்ஜ் எல்லாம் சேர்த்து நான் மொத்தம் எவ்வளவு கட்டணும்?"

அவர் ஒரு தொகை சொல்வார். "பக்கத்துல 40,900க்குள்ள முடியுதுன்னு சொல்றாங்க, நீங்க கடைசியா என்ன சொல்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டால், தொகை பெரிதாக இருக்கும்போது பெரும்பாலும் பத்து இருபது காசு இறங்குவார். பேரம் பேச வெட்கப்பட வேண்டாம். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம். சந்தை மூடியிருப்பதால் திங்கட்கிழமை விலை ஏறிவிடுமோ என்று கடைக்காரர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

ஒரு விஷயம். புதுக்கோட்டை வழியாகத் திருச்சி போனால் விமான நிலையம்தான் முதலில் வரும், டவுன் அதற்கும் அப்பால். "போகிற வழியில் திருச்சிக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்" என்று கிளம்புகிறவர்கள் நேரமாகிவிட்டது என்று நேரே விமான நிலையத்தில் இறங்கி, உள்ளே இருக்கும் கவுன்டரில் மாற்றிவிடுகிறார்கள். விமான நிலையக் கவுன்டர் எந்த ஊரிலும் மலிவு கிடையாது. நம் கணக்கில் அங்கே 21.80 என்றால், 2,000 ரிங்கிட்டுக்கு முதல் கடையைவிட 2,800 ரூபாய் கூடுதல்.

படி 4: கடைக்குப் போகும் நாள்

பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட், விசா தேவைப்படும் நாடானால் விசா. ரிசர்வ் வங்கி உரிமம் கடையில் பார்வையில் மாட்டியிருக்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாகக் கட்ட முடியாது, வங்கிக் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும். ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் பொதுவாகத் தருவார்கள், அதற்கு மேல் கார்டில். ரசீது வாங்காமல் வராதீர்கள். நோட்டை அங்கேயே எண்ணி, கிழிசல் இருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். பத்தும் இருபதுமாகக் கொஞ்சம் சில்லறை நோட்டும் கேளுங்கள், இறங்கியதும் டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும்.

தெரிந்தவர் மூலம் உண்டியலில் (உரிமம் இல்லாத தனியார் பணமாற்று வழியில்) மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விலை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உரிமம் இல்லாதவரிடம் வாங்குவது அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம், கள்ள நோட்டு வந்தாலும் போய்ச் சொல்ல இடமில்லை.

படி 5: எவ்வளவு நோட்டு, எவ்வளவு கார்டு?

என் யோசனை: முதல் மூன்று நாள் செலவுக்கு நோட்டு, மற்றது கார்டு. மகள் வீட்டில் தங்கப் போகும் ஆச்சிக்கு அதுகூட வேண்டாம், கைச்செலவுக்கு 100 வெள்ளி போதும்.

சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளில் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை மார்க்கப், அதாவது மாற்று விலைக்கு மேல் கூடுதலாக, எடுக்கும். அதற்கு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 4.13 சதவீதம். நம் கணக்கில் கையில் வந்த விலை 20.83. கடை நோட்டைவிட மோசம், விமான நிலையத்தைவிட மேல். மார்க்கப் இல்லாத கார்டும் இப்போது கிடைக்கிறது, வருடக் கட்டணத்தைப் பார்த்து வாங்கினால் அதை அடிக்க ஆளில்லை. ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் கார்டு) வாங்குவதானால் அதில் ரிங்கிட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அமெரிக்க டாலர் மட்டும் ஏற்றி ரிங்கிட்டில் செலவழித்தால் இரண்டு முறை மாற்றுக் கட்டணம் போகும். கிரெடிட் கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கவே வேண்டாம், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

எந்தக் கார்டானாலும் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். ஊரிலேயே, இந்திய சிம் போனில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். அங்கே போய் ஓ.டி.பி. வரவில்லை என்று தவிக்க வேண்டியிருக்காது.

படி 6: அங்கே போன பிறகு

கடையில் கார்டைத் தட்டியதும் மெஷினில் இரண்டு வரி தெரியும். மேலே 350 ரிங்கிட். கீழே 7,420 ரூபாய். "ரூபாயா, ரிங்கிட்டா?" என்று கேட்பார்கள். நம் பணத்தில் தெரிகிறதே என்று ரூபாயைத் தொடத்தான் கை போகும். தொடாதீர்கள். நம் நடுவிலைக் கணக்கில் 350 ரிங்கிட் 7,000 ரூபாய்தான், அந்த 420 மாற்றிக் கொடுக்கிறவர்களின் லாபம். அதன் மேல் நம் வங்கியும் கட்டணம் போடலாம். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்.

நோட்டு தீர்ந்துபோனால் பினாங்கு லிட்டில் இந்தியா, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா, சிங்கப்பூர் முஸ்தஃபா சென்டர் பக்கம் இந்திய ரூபாயையே மாற்றிக்கொள்ளலாம், தமிழிலேயே பேரம் பேசலாம். இங்கிருந்து போகும்போது ஆளுக்கு 25,000 ரூபாய் வரை எடுத்துப்போக அனுமதி உண்டு. வியட்நாம், இந்தோனேசியா போகிறவர்களுக்கு மட்டும் வழி வேறு: இங்கே அமெரிக்க டாலர் வாங்கி, அங்கே மாற்றுங்கள். அந்த நோட்டுகளை இங்கே தேடி வாங்கினால் விலை கூடுதல். டாலர் நோட்டு மடிப்பும் பேனாக் கோடும் இல்லாமல் இருக்கட்டும், அங்கே முகம் சுளிப்பார்கள்.

படி 7: மிச்சம்

சில்லறைக் காசை இங்கே எந்தக் கடையும் வாங்காது. விமானம் ஏறும் முன் சாக்லேட்டோ தைலமோ வாங்கித் தீர்த்துவிடுங்கள். நோட்டில் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால் திரும்பி வந்த 180 நாளுக்குள் வங்கியிலோ கடையிலோ கொடுத்துவிட வேண்டும். இப்போது பார்க்க வேண்டியது "வீ பை" வரிசை. வாங்கும்போது கொடுத்த ரசீதைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.