மிளகாய் வைரஸுக்குப் பேர் வைக்கும் முன்

போன வாரம் பாலக்கோடு பக்கம் ஒரு மிளகாய்த் தோட்டத்தில் இரண்டு மாணவர்கள் சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்போரம் குட்டையாகிச் சுருண்டு நின்ற ஒரே செடியில் நாலு இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, "லீஃப் கர்ல் வைரஸ்தான் சார், சந்தேகமே இல்லை" என்றார்கள். இலைச்சுருட்டு நோயைத் தரும் வைரஸைத்தான் சொன்னார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் இதே பக்கத்தில் நானும் இப்படித்தான் சொன்னேன். கையுறை, ஐஸ் பெட்டி, லேபிள் எல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்து விடுவார்கள். அதைத் தாண்டிய தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுருண்டதெல்லாம் வைரஸ் என்று எடுத்துக்கொள்வது

முரணைச் சிலந்தி தாக்கினால் இலை கீழ்நோக்கிக் கவிழும், காம்பு நீளும். இலைப்பேன் தாக்கினால் ஓரம் மேல்நோக்கி மடங்கும். லீஃப் கர்ல் வைரஸிலும் மேல்நோக்கிதான் சுருளும், அதனால்தான் குழப்பம். ஆனால் வைரஸ் என்றால் இலை சிறுத்து, நரம்பு தடித்து, கணுக்கள் நெருங்கியிருக்கும். இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பாருங்கள். மருந்தடித்த பிறகு வரும் கொழுந்தையும் பாருங்கள். பூச்சி, சிலந்தி என்றால் புதுத் துளிர் தெளிவாக வரும். வைரஸ் ஏறிய செடியில் துளிரும் சுருண்டே வரும்.

ஜீனோமில் ஒரு துண்டைப் படித்துவிட்டு முழுசுக்கும் பேர் வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

வெள்ளை ஈ பரப்பும் இந்த வைரஸ்கள் பெகோமோவைரஸ் என்ற பேரினம். இவற்றின் ஜீனோம், அதாவது முழு மரபுத் தொகுதி, ஒற்றை இழை டிஎன்ஏ வட்டம், சுமார் 2,700 எழுத்து நீளம். பிசிஆரில் பொது பிரைமர் (வேண்டிய துண்டைப் பிடித்துப் பெருக்க உதவும் சிறு டிஎன்ஏ) போட்டால், வைரஸின் மேலுறையான கோட் புரோட்டீனுக்குரிய ஜீன் பக்கத்திலிருந்து ஐநூற்றுச் சொச்சம் எழுத்து கிடைக்கும். தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட்டில் போட்டதும் மேலே ஒரு பேரும் 97 சதவீதம் ஒப்புமை என்றும் வரும். அந்தப் பேரை அப்படியே அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள்.

வெள்ளை ஈயின் உடம்பு வழியாக வைரஸ் போவதற்குக் கோட் புரோட்டீன்தான் சாவி. அது ரொம்ப மாறினால் ஈ எடுத்துப்போகாது. ஆகவே வேறு வேறு பெகோமோவைரஸ்களிலும் அந்தப் பகுதி ஒன்றையொன்று ஒத்தே இருக்கும். அதோடு ஒரே செடியில் இரண்டு வைரஸ் சேர்ந்தால் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்ளும். பெருகுவதற்கான ரெப் ஜீன் பக்கம் வேறொரு வைரஸிலிருந்து வந்திருந்தால், கோட் புரோட்டீனை மட்டும் படித்தவருக்கு அது தெரியவே தெரியாது. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளியும் மிளகாயும் ஒரே வரப்பைப் பகிர்ந்துகொள்கிற ஊர்கள். இங்கே அப்படி நடக்க எல்லா வசதியும் இருக்கிறது.

நான் அப்போது துண்டை மட்டும் படித்து, "சில்லி லீஃப் கர்ல்" என்று எழுதிக் கொடுத்தேன். ரகம் உருவாக்கும் நண்பர் ஒருவர் அதை நம்பி, தன்னிடம் இருந்த சில்லி லீஃப் கர்ல் வைரஸை வைத்தே தன் செடிகளைச் சோதித்தார். இரண்டு பருவம் போனது. தேறியதைப் பென்னாகரம் பக்கம் ஒரு விவசாயியின் காட்டில் நட்டோம். நாற்பது நாளில் அவர் போன் பண்ணி, "சார், உங்க செடியும் சுருட்டிக்கிச்சுங்களே" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அப்புறம் வட்ட டிஎன்ஏவை முழுசாகப் பெருக்கும் உருள்வட்டப் பெருக்க முறையில் முழு ஜீனோமையும் எடுத்துப் படித்தோம். ஒரு பாதி சில்லி லீஃப் கர்ல், ரெப் பக்கம் தக்காளி வைரஸ் மாதிரி.

பெகோமோவைரஸ் அடங்கிய ஜெமினிவைரஸ் குடும்பத்துக்கான ஆய்வுக் குழு 2015-இல் பெகோமோவைரஸுக்கு வகுத்த வரம்பு இது: முழு ஜீனோம் ஒப்புமை, தெரிந்த எல்லா வைரஸோடும் 91 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தனிச் சிற்றினம். 91-ஐத் தொட்டும் 94-க்குக் கீழே இருந்தால் அந்தச் சிற்றினத்தின் புது ஸ்ட்ரெய்ன், அதாவது உட்பிரிவு. முழு நீளத்தையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுத்தான் இந்தக் கணக்கு. பிளாஸ்ட் சொல்வது பொருந்திய பகுதியின் சதவீதத்தை மட்டும். மற்றக் குடும்பங்களுக்கு இதே எண்ணைப் போடாதீர்கள். மிளகாயில் வரும் சில்லி வெய்னல் மாட்டில் வைரஸ் போன்ற போட்டிவைரஸ்களுக்கு (Potyvirus) சிற்றின வரம்பே 76 சதவீதம்தான்.

வட்டத்தை வெட்டிய இடத்திலிருந்தே ஒப்பிடுவது

வட்ட ஜீனோமை ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் வெட்டியிருந்தால் வரிசைகள் பொருந்தாது. எல்லா வரிசையையும் ஒரே புள்ளியில் தொடங்குங்கள். இந்த வைரஸ்களில் பொதுவாக இருக்கும் டிஏஏடிஏடிடிஏசி (TAATATTAC) என்ற ஒன்பது எழுத்தில் ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே.

பீட்டா சாட்டிலைட்டை மறப்பது

வைரஸோடு ஒட்டிக்கொண்டு வரும் சிறு டிஎன்ஏ வட்டம் இது, சுமார் 1,350 எழுத்துதான். நோய்க்குறியைக் கடுமையாக்குவது பல சமயம் அதுதான். தேடுங்கள்.

சாறு தேய்த்துப் பார்த்து முடிவு கட்டுவது

நோய்ச் செடியின் சாற்றை நல்ல செடியில் தேய்த்துப் பார்ப்பார்கள். ஆனால் சில்லி லீஃப் கர்ல் சாறு வழியாகச் சுலபத்தில் ஏறாது. அதற்கு வெள்ளை ஈ வேண்டும், ஒட்டுக்கட்ட வேண்டும், அல்லது செடிக்குள் டிஎன்ஏவைக் கொண்டுபோகும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வழியாக வைரஸின் குளோனை (நகலை) ஏற்ற வேண்டும். அசுவினி பரப்பும் குக்கும்பர் மொசைக் வைரஸும் வெய்னல் மாட்டில் வைரஸும் சாற்றில் நன்றாக ஏறும். மூன்றும் கலந்த செடியிலிருந்து தேய்த்தால் ஏறியது எது? சோதனைச் செடியில் தேமல் வந்ததும் லீஃப் கர்லுக்குக் கணக்கெழுதி விடுகிறார்கள். பெகோமோ பிரைமர் போட்டால் பெகோமோ மட்டும்தான் தெரியும். மற்ற இரண்டும் ஆர்என்ஏ வைரஸ்கள், அதே இலையிலிருந்து ஆர்என்ஏவும் தனியாக எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அந்த இரண்டு பேரையும் மறுபடி தோட்டத்துக்குள் அனுப்பினேன். நாலு மூலையிலும் நடுவிலும் செடி பார்த்து, நோயில்லாத செடி இரண்டும் சேர்த்து, பக்கத்துத் தக்காளியிலும் இலை எடுத்து வரச் சொன்னேன். வெயில் ஏறிவிட்டது, முனகிக்கொண்டேதான் போனார்கள். பதினாலு பை கொண்டுவந்தார்கள்.