கேமரா பாடியை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி பிறந்து முகூர்த்தங்கள் ஓய்ந்ததும், கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்துக் கல்யாணப் புகைப்படக்காரர்கள் பலருக்கும் எழும் கேள்வி, இருக்கும் பாடியையே (லென்ஸ் நீங்கலான கேமராவையே) வைத்துக்கொள்வதா, புதியதற்கு மாறுவதா என்பதாகும். இதற்கான விடையைப் புதிய பாடியின் விவரப் பட்டியலில் தேடுவதுதான் முதல் தவறு. சென்ற பருவத்தில் ஆல்பத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எதனால் கெட்டது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஃபோகஸ் தவறியவை மிகுந்திருந்தால் பாடியை மாற்றக் காரணம் உண்டு. வெளிச்சக் குறைவே பெரும்பாலும் காரணம் என்றால், நல்ல ஃபிளாஷ் ஒன்றும் வெளிச்சத்தை அதிகம் உள்வாங்கும் எஃப்/1.8 லென்ஸ் ஒன்றும் மிகக் குறைந்த செலவில் அதைத் தீர்த்துவிடும்.

மெகாபிக்சலில் மயங்குவது அடுத்த தவறு. 24 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 6000×4000 புள்ளிகள் கொண்டது. நம் ஊர்களில் வழக்கமான 12×36 ஆல்பத்தில் (விரித்தால் 36 அங்குல அகலம்) ஒரு பக்கம் 18×12 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 5400×3600 போதும். 2017இல் வந்த 45.7 மெகாபிக்சல் நிக்கான் டி850இன் படம் 8256 புள்ளி அகலம் உடையது. எண்ணிக்கை இரட்டிப்பை நெருங்கினாலும் அகலத்தில் கூடுவது 1.38 மடங்குதான். திருப்பூரில் பனியன் ஆடைகளுக்குக் கேட்டலாக் எடுப்பவர்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆடை முழுவதும் தெளிவாக விழ வேண்டும் என்று லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/16இல் எடுத்தால், சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) கூடுதல் மெகாபிக்சலின் கூர்மையில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும். மெல்லிய பின்னலில் தோன்றும் மாய்ரே எனும் அலைபோன்ற போலிக் கோடுகளும் பாடியை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. கேமராவைச் சற்றே முன்னோ பின்னோ நகர்த்தினால் மறைவதும் உண்டு.

மாற்றுவதற்கு உண்மையான காரணங்கள் வேறு. கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறும் சில விநாடிகளில், மணமக்களின் முகத்துக்கு முன்னே பறக்கும் அட்சதையைப் பழைய பாடியின் ஃபோகஸ் பற்றிக்கொள்வதும், அதே வேளையில் படங்களைத் தற்காலிகமாகத் தாங்கும் பஃபர் நிறைந்து ஷட்டர் நின்றுவிடுவதும் மறுபடி எடுக்க முடியாத படங்களைப் பறித்துவிடும். கண்ணைக் கண்டறிந்து தொடரும் அண்மைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) பாடிகள் இங்கே தம் விலைக்கு நியாயம் செய்கின்றன. ஆனால் மிரர்லெஸ் என்பதற்காகவே எதையும் வாங்கிவிடக் கூடாது. 2018இல் வந்த நிக்கான் இசட்6, கேனான் ஈஓஎஸ் ஆர் இரண்டிலும் கார்டு ஸ்லாட் ஒன்றே ஒன்றுதான்; அந்தக் கார்டு பழுதானால் கைவசம் பிரதி இராது. இரண்டு ஸ்லாட் உள்ள நிக்கான் டி750ஐக் கொடுத்துவிட்டுப் பழைய இசட்6ஐக் கல்யாண வேலைக்கு வாங்குவது, என் கணக்கில், ஒரு படி இறங்குவதே.

கொங்குக் கல்யாணங்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் சீர்களை நடத்தி, மங்கல வாழ்த்துப் பாடப்படும் வேளையில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் பெரிய வரம்போலத் தோன்றும். எனினும் பல பாடிகளில் அது சென்சாரை வரிவரியாகவே வாசிப்பதால், மேடைக்குப் பின்னால் எல்ஈடி திரையோ மலிவான எல்ஈடி விளக்கோ இருந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/50 அல்லது 1/100 விநாடி ஷட்டர் வேகம் அத்தகைய விளக்குகளுக்குக் கைகொடுக்கும், திரைக்கு அது எப்போதும் போதாது.

செலவைக் கணக்கிடும்போது பாடியின் விலையோடு நின்றுவிடுவது பலரையும் தவணையில் சிக்கவைக்கிறது. நிக்கானின் பழைய லென்ஸ்களை மிரர்லெஸ் பாடியில் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே தம்முள் மோட்டார் இல்லாத பழைய 80-200 எஃப்/2.8 டி, 50 எஃப்/1.8 டி போன்ற லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். சென்சார் பதிவை அப்படியே வைக்கும் 45 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று 50 எம்பி அளவில் வரும் என்று வைத்துக்கொண்டால், 3000 படங்களுக்கு 150 ஜிபி ஆகிறது. அதற்கேற்ற கார்டு, ஹார்டு டிஸ்க், கணினி எல்லாவற்றையும் சேர்த்தே விலை பார்க்க வேண்டும். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் கம்பெனி வாரன்டி இராது; ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துத் தாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் வாய்ப்பையும் இழப்பார்கள்.

ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் இதுவரை இயங்கிய எண்ணிக்கை) 1,50,000ஐத் தாண்டிவிட்டது என்ற அச்சம் மட்டுமே காரணமாக இருந்தால், ஷட்டரை மட்டும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

வாங்குவது என்று தீர்மானித்த பின்னும், ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெட்டியைப் பிரிக்காதீர்கள். ஆடியிலேயே ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வழக்கமாக வேலை செய்யும் மண்டபத்தின் வெளிச்சத்தில் பழகிப் பார்ப்பது நல்லது. பழைய பாடியை அவசரமாக விற்காமல் துணைக் கேமராவாக வைத்திருப்பவர்கள் இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக அமைத்துவிட வேண்டும். இல்லையேல் படங்களை நேர வரிசையில் அடுக்கும்போது, ஆல்பம் வடிவமைப்பவரின் கணினியில் தாலிக்கு முந்தைய சடங்கான இணைச்சீருக்கு முன்பே தாலி ஏறிவிடும்.