விண்மீன் திரள்களை எண்ணும்போது வழுக்குகிற இடங்கள்

இரவில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று வயல்வெளியைப் பாருங்கள். கிட்டடியில் காவல் கொட்டிலின் குப்பி விளக்கும் தெரியும். தூரத்தில் தெரிவது உழவு இயந்திரத்தின் பெரிய லைட் மட்டும்தான். அதற்காக ‘அங்காலே கொட்டில்களே இல்லை’ என்று யாரும் சொல்லமாட்டோம். ஆனால் விண்மீன் திரள்களின் வரைபடத்தைப் பார்த்துப் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

என்னிடம் உயர்தரப் பௌதிகம் படித்த மாணவன் ஒருவன், வானத்துத் திரள்களை வரைபடமாக்கும் ஸ்லோன் வான் ஆய்வின் இலவசத் தரவை இறக்கிப் படம் போட்டான். “சேர், தூரம் போகப் போக அண்டம் வெறுமையாகுது!” நானும் ஒரு நிமிடம் மயங்கித்தான் போனேன். அந்த ஆய்வின் முதன்மைத் தொகுப்பு 17.77 பருமனை (பூமியிலிருந்து தெரியும் பிரகாசத்தின் அளவு; எண் கூடினால் மங்கல்) விட மங்கலானவற்றைச் சேர்ப்பதில்லை. தொலைவில் பிரகாசமானவை மட்டுமே மிஞ்சும். எல்லைவரை தெரியக்கூடிய அளவு உண்மைப் பிரகாசம் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணவேண்டும்.

படத்தில் தெரியும் வெற்றிடங்களிலும் கவனம் வேண்டும். நம் பார்வையைப் பனைமரம் மறைப்பதுபோல, அங்கே பிரகாசமான நட்சத்திரமும் தூசியும் மறைக்கும். போதாததற்கு, அந்தத் தொகுப்பை எடுத்த தொலைகாட்டியில், ஒவ்வொரு திரளின் ஒளியையும் பிடிக்கும் ஒளிநார்கள் இரண்டை 55 வில்விநாடிக்குள் (ஒரு பாகையின் 3600இல் ஒன்று ஒரு வில்விநாடி) ஒன்றாக வைக்க முடியவில்லை; நெரிசலான இடத்தில்தான் அதிகம் தவறிப்போயின. அதனால் அதே ஓட்டைகளோடு கணினியில் எழுந்தமானமாகப் புள்ளிகளைத் தூவி, அதோடுதான் ஒப்பிடுவார்கள். இதைச் செய்யாமல் விட்ட படத்தை நான் நம்புவதில்லை.

அப்புறம், செம்பெயர்ச்சியை (விலகிப்போகும் திரளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதை) அப்படியே தூரம் என்று எடுப்பது. பல திரள்கள் கூடிய கொத்துக்குள் அவை விநாடிக்கு 1000 கிலோமீற்றர் அளவில் ஓடித்திரியும். அந்த வேகமும் செம்பெயர்ச்சியில் கலந்துவிடுவதால், ஒரு கோடி ஒளியாண்டு அகலக் கொத்து நம்மை நோக்கி நீட்டிய விரல்போலப் படத்தில் பல மடங்கு நீளும். ‘கடவுளின் விரல்கள்’ என்று பெயர். கடவுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

செம்பெயர்ச்சியைத் தூரமாக மாற்றவே ஒரு அண்ட மாதிரி, அதாவது அண்டம் எப்படி விரிகிறது என்ற கணக்கு, வேண்டும். அதே மாதிரியை அதே படத்தால் நிரூபித்தால், நெல்லை அளந்த மரைக்காலை அந்த நெல்லாலேயே சரிபார்த்த மாதிரி. தப்ப வழி உண்டு: அண்டத்தின் தொடக்கத்தில் ஓடிய ஒலியலைகள் விட்டுப்போன, ஏறத்தாழ 49 கோடி ஒளியாண்டு நீளத் தடம். 2005இல் அதைத் திரள்களிடையேயான இடைவெளியில் கண்டார்கள். பார்வைக்கோட்டிலும் குறுக்கிலும் அது ஒரே நீளமாக வராவிட்டால், நாம் எடுத்த மாதிரியில் பிழை.

2025 மார்ச்சில் டெசி என்ற இன்னொரு வான் ஆய்வு, 1.4 கோடிக்கு மேற்பட்ட திரள்களையும் குவாசர்களையும் (மிகப் பிரகாசமான திரள் மையங்களையும்) வைத்து, அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றல் காலத்தோடு மாறலாம் என்று காட்டியது. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் அது மாறாத எண் என்பதற்காக ‘ஐன்ஸ்டைன் தோற்றார்’ என்று பகிரவேண்டாம். தூரம் அளக்க உதவும் சூப்பர்நோவாக்களின் (வெடிக்கும் நட்சத்திரங்களின்) எந்தத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, முடிவின் உறுதி 2.8 சிக்மாவிலிருந்து 4.2 வரை மாறுகிறது; சிக்மா கூடினால் அது தற்செயலாக வர வாய்ப்புக் குறைவு. கண்டுபிடிப்பு என்று சொல்ல வழமையாகக் கேட்பது 5.

சரி, அந்த மாணவன் உண்மைப் பிரகாசம் குறைந்தவற்றை வெட்டிவிட்டுத் திரும்பப் போட்டான். சரிவு போய்விட்டது. ஆனால் 100 கோடி ஒளியாண்டுக்குக் கிட்ட ஒரு மேடு மட்டும் போகவில்லை. இன்னும் எங்கேயோ பிழை என்று இரண்டு நாள் தேடினான். அது பிழையில்லை, திரள்கள் நீளமாக அணிவகுத்த ஸ்லோன் பெருஞ்சுவர்.