பித்தளைப் பீரங்கி மாதிரிக்கு அசல் தோற்றம் தருவது எப்படி: கைக்கருவிகளால் ஒரு செய்முறை விளக்கம்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, அங்கிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள நிலமும் அவர்களுக்குச் சேர்ந்தது. அவ்வாறு சேர்ந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. இந்த வரலாற்றைப் பள்ளிக் கண்காட்சியில் வைக்க விரும்புவோருக்கு ஓர் அடி நீளமுள்ள பித்தளை மாதிரி போதுமானது. ஆனால் கடையில் வாங்கியதும் அது அலங்காரப் பொருளாகத்தான் தெரியும். அதன் மேல் எங்கே தேய்மானம் வேண்டும், ஏன் வேண்டும் என்று காரணத்தோடு முடிவு செய்தால்தான் அசல் தோற்றம் வரும். கண்டபடி கீறுவதால் வராது.

முதற்படி: உலோகத்தை அறிதல்

காந்தம் ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு. ஒட்டாவிட்டால், அடிப்புறத்தில் மறைவான ஓரிடத்தில் அரத்தால் இலேசாகத் தேய்த்துப் பாருங்கள். ஆழத்திலும் மஞ்சளாகவே இருந்தால் அது பித்தளை; சாம்பல் வெள்ளை தெரிந்தால் பெரும்பாலும் முலாம் பூசிய துத்தநாகக் கலவை. முலாம் பூசியதை அராவ வேண்டாம். அதற்குச் சாயம் பூசுவதே ஏற்றது.

இரண்டாம் படி: அளவை நிர்ணயித்தல்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஆறடிப் பீரங்கியின் ஓரடி மாதிரி என்றால் அளவு ஆறில் ஒரு பங்கு. அசலில் 3 மி.மீ. ஆழமுள்ள பள்ளம் இங்கே அரை மி.மீ. ஆழந்தான் இருக்க வேண்டும், 25 மி.மீ. உயரமுள்ள எண் ஏறத்தாழ 4 மி.மீ. உயரமே இருக்க வேண்டும். ஆழமாக வெட்டிய ஒரே ஒரு கோடு முழுப் பீரங்கியையும் பொம்மையாக்கிவிடும்.

மூன்றாம் படி: அராவுதல்

வைஸின் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் மேசைக் கருவி) தாடைகளுக்கு இடையே தோல் அல்லது மரத்துண்டு வைத்துப் பொருளை இறுக்குங்கள். மணல் வார்ப்பில் செய்த மாதிரிகளின் இருபக்கமும் அச்சு சேர்ந்த கோடு ஓடும். அக்காலப் பெரும் பீரங்கிகள் வார்த்தபின் உடைத்து எடுக்கப்படும் களிமண் அச்சில் உருவானவை. அவற்றில் அந்தக் கோடு கிடையாது. எனவே முதலில் அதை நீக்குங்கள். பித்தளைக்குக் கூர்மையான புதிய அரம் வேண்டும். முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். அரத்தில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் பற்களில் துகள் அடையாது. பாதுகாப்புக் கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். பித்தளையில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால், வேலை முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவுங்கள்.

பிறகு தேய்மானத்துக்கு வாருங்கள். குழாயின் வாய் விளிம்பில், குண்டை உள்ளே தள்ளும்போது இடிபடும் கீழ்ப்பகுதியை ஊசி அரத்தால் சற்று மழுக்குங்கள். வண்டியின் மேல் அமரும் பக்கவாட்டு முளைகள் அடிப்புறத்தில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். தூக்கும் பிடிகளின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். மற்ற இடங்களைத் தொடாமல் விடுங்கள்.

நான்காம் படி: துளையும் எண்களும்

பின்புறம் வெடிமருந்தைப் பற்றவைக்கும் துளை, சூடான வாயு அரித்து அரித்து விளிம்பு விரிந்திருக்கும். சென்டர் பஞ்ச் எனப்படும் கூர்முனை எஃகுக் கம்பியால் ஒரு சிறு குழி மட்டும் தட்டி, ஊசி அரத்தின் நுனியால் அதன் ஓரத்தைச் சுழற்றி விரியுங்கள். குழாய் வரை துளையிடவே கூடாது. மாதிரி எந்நிலையிலும் மருந்து நிரப்பக்கூடியதாக இருக்கலாகாது.

ஆங்கிலேயப் பீரங்கிகளில் எடையை மூன்று எண்களாக வெட்டுவார்கள்: முதலாவது 112 பவுண்டு கொண்ட அந்தர், அடுத்தது 28 பவுண்டு கொண்ட கால் அந்தர், கடைசியாக எஞ்சிய பவுண்டு. 9-2-14 என்றால் 1,078 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 489 கிலோ. முனையில் எண் வடிவம் கொண்ட 4 மி.மீ. எஃகு முத்திரைகளை வைத்து, ஒவ்வொன்றையும் சுத்தியலால் ஒரே அடியில் பதியுங்கள். உளியால் வெட்டிய அசல் எண்கள் சற்றே முன்பின்னாக நிற்கும் என்பதால், அளவுகோல் வைத்து நேராக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. மூன்று எண்கள் விழுந்ததும் மாதிரிக்கு ஒரு வரலாறு வந்துவிடுகிறது.

ஐந்தாம் படி: நிறம் ஏற்றுதல்

அரக்குப் பூச்சு இருந்தால் தின்னரால் நீக்கிவிட்டு, புளியால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். திறந்த வெளியில், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் அம்மோனியா நனைத்த பஞ்சை ஒரு மூலையிலும், மாதிரியை அதைத் தொடாமல் ஒரு செங்கல்லின் மேலும் வையுங்கள். ஆவி பட்டுப் பித்தளை கருமை கொள்ளும். அடிக்கடி பார்த்து, போதும் என்றதும் எடுத்துவிடுங்கள். மெல்லிய தகட்டுப் பகுதிகளுக்கு இம்முறை ஆகாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் விரிசல் விட்டதற்கு அம்மோனியாவே காரணம். கனமான வார்ப்புக்கு அந்த அச்சம் குறைவு.

இறுதியாக 1,200 எண் எமரித்தாளால், கைபடும் இடங்களிலும் எண்களைச் சுற்றியும் மட்டும் மெதுவாகத் தேய்த்தால், மேடுகள் ஒளிரும், பள்ளங்கள் இருண்டே நிற்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் உப்புக் காற்று பித்தளையில் பச்சைப் புள்ளிகளை விரைவில் உண்டாக்கும். ஆகவே உருக்கிய தேன்மெழுகை மெல்லிய துணியால் தடவி, ஆறியபின் துடைத்துவிடுங்கள். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் இதை ஒருமுறை புதுப்பியுங்கள்.