உங்கள் நாய் ஏன் அப்படிச் செய்கிறது? ஒரு கொப்பியும் இரண்டு வாரமும்

இந்தச் செய்முறைக்கு ஒரு கொப்பி, ஒரு பேனை, இரண்டு வாரப் பொறுமை ஆகியவை போதும். முதன்முதலாக நாய் வளர்ப்பவர் தம் நாயின் குணத்தைப் பற்றி முறையிடும்போது, "அதுக்குக் கொழுப்பு", "செல்லம் கூடிப்போச்சு", "ஊர்நாய்தானே" என்று அயலில் உடனே கிடைக்கும் விடைகள் நாயைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நாய் செய்யும் செயலுக்கு முன் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. பின் அதற்கு ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது. அந்த இரண்டையும் கண்டுபிடிக்கும் முறையே கீழே தரப்படுகிறது.

படி 1: நோய் உண்டா என்று பாருங்கள்

சில நாட்களுக்குள் குணம் மாறியிருந்தால் கொப்பியைத் திறக்குமுன் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். தலையை ஓயாமல் உதறும் நாய்க்குக் காதில் புண் இருக்கலாம். தொட்டவுடன் சீறும் முதிய நாய்க்கு மூட்டுவலி இருக்கலாம். சோர்ந்து கிடக்கும் நாயின் காதுமடலையும் விரலிடுக்குகளையும் விரித்துப் பார்த்தால் உண்ணிகள் தென்படலாம். காரணமின்றிக் கடிக்க வருதல், குரைப்பொலி மாறுதல், விழுங்க முடியாமல் எச்சில் வடிதல் ஆகியவை விசர்நாய் நோயின் குறிகளாக இருக்கக்கூடும் என்பதால், அப்படிப்பட்ட நாயின் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கக்கூடாது. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

படி 2: மூன்று நிரல்கள் கீறுங்கள்

நிரல்களுக்கு "முன்", "செயல்", "பின்" என்று தலைப்பிடுங்கள். எங்கள் ஜிம்மியின் கொப்பியில் உள்ள ஒரு பதிவு இது: மாலை 4.10. முன்: படலைக்கு வெளியே துவிச்சக்கரவண்டி மணியோசை. செயல்: விறாந்தையிலிருந்து படலை வரை ஓடி, முன்னங்கால்களைக் குறுக்குத்தடியில் ஊன்றி, ஏழு தடவை குரைத்தது, முதுகுமயிர் நிமிர்ந்திருந்தது. பின்: துவிச்சக்கரவண்டி போய்விட்டது.

"கோபத்தில் குரைத்தது" என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். கோபம் என்பது நம்முடைய தீர்ப்பு. கண்ணால் கண்டது முதுகுமயிர் மட்டுமே. தொடக்கத்தில் எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள், நானும் முதல் நான்கு பக்கங்களைக் கிழித்தெறிந்தவன்தான்.

படி 3: மூன்றாம் நிரலை முதலில் வாசியுங்கள்

பெட்டிகளுக்குள் பூனைகளை அடைத்து, அவை கதவைத் திறக்கப் பழகும் விதத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தோர்ண்டைக், நல்ல விளைவைத் தந்த செயலையே விலங்கு திரும்பச் செய்கிறது என்று 1898 இல் எழுதினார். மேலே உள்ள பதிவை அதன்படி வாசியுங்கள். துவிச்சக்கரவண்டிக்காரர் தம் அலுவலாகப் போகிறவர். ஜிம்மியின் கணக்கில் அவரைத் துரத்தியது அதன் குரைப்பு. ஒவ்வொரு நாளும் ஏழெட்டுப் பேரைத் துரத்தி வெற்றி பெறும் நாய் ஏன் குரைப்பை நிறுத்த வேண்டும்?

சில வேளைகளில் மூன்றாம் நிரலை வீட்டுக்குள் இருந்துகொண்டு நிரப்ப முடியாது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறியதும் எங்கள் வீட்டில் மச்சச் சட்டிகள் பரணுக்கு ஏறிவிடும். திருவிழா நடக்கும் 25 நாட்களும் ஜிம்மிக்கும் சோறும் பருப்பும்தான். ஒரு வருடம் அந்த நாட்களில் அது வேலிக் கிடுகைப் பிரித்து அடுத்த வளவுக்குப் போகத் தொடங்கியது. ஓட்டையைக் கம்பியால் அடைத்தால் இரண்டு முழம் தள்ளி இன்னொன்று பிரியும். "முன்" நிரலில் நாள்தோறும் "மதியச் சாப்பாடு முடிந்து அரை மணி" என்றே இருந்தது. "பின்" நிரல் வெறுமையாக இருந்தது. ஒன்பதாம் நாள் நான் அடுத்த வளவுக்குள் போய் நின்றேன். விரதமில்லாத அந்த வீட்டின் குசினிக்குப் பின்னால் அன்ரி அரிவாளில் மீன் வெட்டிக்கொண்டிருக்க, ஜிம்மி இரண்டு அடி தள்ளி மிகுந்த பணிவோடு அமர்ந்திருந்தது. "பாவம், ஒவ்வொரு நாளும் வருது தம்பி, அதான் தலையைப் போடுறன்" என்றார் அவர். கடையில் உலர் நாயுணவு வாங்கிச் சோற்றில் கலந்தோம், அன்ரியும் தலை போடுவதை நிறுத்தினார். கம்பியால் முடியாத வேலை அந்த வாரத்திலேயே முடிந்தது.

படி 4: உடலை வாசியுங்கள்

வாலாட்டும் நாய் எல்லாம் நட்புள்ள நாய் அல்ல. தளர்ந்த உடலோடு இடுப்பும் சேர்ந்து அசைய ஆடும் வால் வரவேற்பைக் காட்டும். விறைத்த உடலோடு உயரத் தூக்கி விரைவாகத் துடிக்கும் வால் எச்சரிக்கையாக இருக்கலாம். உணவோ தூக்கமோ இல்லாத நேரத்தில் நாக்கால் மூக்கை நக்குதல், கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்பிக் கடைக்கண் வெண்மை தெரியப் பார்த்தல் ஆகியவை, குழந்தை கட்டிப்பிடிக்கும் நாயிடம் தோன்றினால், குழந்தையை மெதுவாக விலக்குங்கள். உறுமலுக்கு அடிக்காதீர்கள். உறுமல் கடிக்கு முந்திய அறிவித்தல். அடித்து அதை அடக்கினால், அறிவிக்காமல் கடிக்கும் நாய்தான் மிஞ்சும்.

செருப்பைக் கடித்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் நாயைக் கண்டு "செய்த பிழை அதுக்குத் தெரியும்" என்று சொல்லாதவர் இல்லை. அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் 2009 இல் வெளியிட்ட பரிசோதனையில், அந்தக் குற்றவாளி முகம் நாய் பிழை செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்தன்றி, உரிமையாளர் ஏசியதைப் பொறுத்தே தோன்றியது. நாய் படிப்பது நம் முகத்தையும் குரலையும். ஆகவே, வேலை முடிந்து வந்து காலையில் கடிபட்ட செருப்புக்கு மாலையில் அடிப்பதால் நாய் கற்றுக்கொள்வது, நீங்கள் வீடு வரும் நேரம் பயங்கரமானது என்பதை மட்டுமே.

படி 5: வளவையும் காலநிலையையும் சேர்த்துப் பாருங்கள்

நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் மூச்சிரைத்தே அது சூட்டைத் தணிக்கிறது. சித்திரை வெயிலில் கிணற்றடி வாழைக்குக் கீழே ஈரச் செம்மண்ணைக் கிண்டி வயிற்றை வைத்துப் படுப்பது குறும்பு அல்ல. நிழலில் ஓரிடத்தைத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தால் வாழை தப்பும். மனிதச் செவிக்கு ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு ஏறக்குறைய 45,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும் என்பதால், நமக்குக் கேளாத ஒலிக்கும் அது எழுந்து நிற்கலாம். ஐப்பசி இடிக்கும் கோயில் வெடிக்கும் கட்டிலின் கீழ் நடுங்கும் நாயை வெளியே இழுக்காதீர்கள். அருகில் அமர்ந்து தடவிக்கொடுக்கலாம், அப்படித் தடவினால் பயப்படுவதே பழக்கமாகிவிடும் என்பது தவறான எண்ணம். நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாயின் குரைப்புக்கு மட்டும் கொப்பி தேவையில்லை. காரணம் அதன் கழுத்தில் தொங்குகிறது.

படி 6: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இரண்டு வாரப் பதிவிலிருந்து ஒரு செயலை மட்டும் தெரிவுசெய்து, முதலில் "முன்" நிரலை மாற்றப் பாருங்கள். நாங்கள் படலையின் கீழ்ப்பாதிக்குத் தகரம் அடித்ததும் தெருக் குரைப்பு பாதியாகக் குறைந்தது. அது முடியாவிட்டால் "பின்" நிரலை மாற்றுங்கள். சாப்பாட்டு மேசையில் காலைப் பிறாண்டும் நாய்க்கு இனி அங்கே எதுவும் கிடைக்கக்கூடாது. ஆனால் தன் பாயில் படுத்திருந்தால், பாயிலேயே கிடைக்க வேண்டும். முதல் சில நாட்களில் பிறாண்டல் முன்னிலும் மோசமாகும், ஏனெனில் நேற்று வரை பலித்த வழியை நாய் இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. பத்துத் தடவை மறுத்துப் பதினோராவது தடவை ஒரு துண்டு அப்பளம் விழுந்தால், பதினொரு தடவை பிறாண்ட வேண்டும் என்பதையே அது கற்கும். எங்கள் வீட்டில் அந்த அப்பளம் எப்போதும் அப்பம்மாவின் கையிலிருந்துதான் விழும் என்பதால், இந்தப் படியைத் தொடங்குமுன் உங்கள் வீட்டு அப்பம்மாவிடம் பேசிக்கொள்ளுங்கள்.