ஜப்பானுக்கு ஆபீஸ் வேலையாகப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

முதல் தடவையாகக் கம்பெனி டோக்கியோவுக்கு அனுப்புகிறது என்றதும் எல்லோரும் தேடிப் படிப்பது எவ்வளவு குனிந்து வணங்க வேண்டும், சாப்ஸ்டிக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான். ஆனால் வெளிநாட்டுக்காரர் அரைகுறையாகக் குனிந்தால் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், ஒரு சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொன்றுக்கு உணவைக் கை மாற்றாதீர்கள். இரண்டுமே சாவுச் சடங்கை நினைவுபடுத்துபவை. அந்தப் பாடம் அவ்வளவுதான். வேலையைக் கெடுக்கிற தவறுகள் வேறு இடத்தில் நடக்கின்றன.

அதில் பெரியது, முதல் மீட்டிங் முடிந்த அன்று இரவே ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, "ரொம்ப நல்லா போச்சு, ஒத்துக்கிட்டாங்க" என்று ஊருக்கு மெயில் போடுவது. லிஃப்ட் வரை வந்து வழியனுப்பியிருப்பார்கள், கதவு மூடும்வரை குனிந்தபடியே நின்றிருப்பார்கள். பார்க்கிறவருக்கு ஆர்டரே கைக்கு வந்துவிட்ட மாதிரிதான் தோன்றும். அந்த மரியாதை வந்த விருந்தாளிக்கு. அவர் கொண்டுபோன விலைப்பட்டியலுக்கு அல்ல. நாம் பேசும்போது தலையாட்டிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். 'சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு மேல் அதில் எதையும் தேடக் கூடாது. விலையைச் சொன்னதும் எதிரே இருக்கும் பிரிவுத் தலைவர் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று மூச்சை உள்ளே இழுக்கிறாரா? "அது கொஞ்சம்..." என்று பாதியில் நிறுத்திவிடுகிறாரா? பெரும்பாலும் அதுதான் பதில். முகத்துக்கு நேரே 'முடியாது' என்று வருவது அபூர்வம்.

அந்த 'ஸ்ஸ்'ஸுக்குப் பிறகு அறையில் ஒரு மௌனம் விழும். நம் ஆட்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அரை நிமிடம் யாரும் பேசவில்லை என்றால் நமக்குத் தாங்காது. வாயைத் திறந்து நாமே ஐந்து சதவீதம் குறைத்துவிடுகிறோம். அவர்களோ வெறுமனே யோசித்துக்கொண்டிருந்திருப்பார்கள். சும்மா இருங்கள். தண்ணீர் குடியுங்கள்.

இன்னொரு விஷயம், அந்த அறையில் முடிவு எடுக்கப்படுவதே குறைவு. மீட்டிங்குக்கு முன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிச் சம்மதம் வாங்கி வைப்பதை 'நெமவாஷி' என்பார்கள். பாரம்பரியமான கம்பெனிகளில் அதற்கப்புறம் ஒரு காகிதம் மேசை மேசையாக முத்திரை வாங்கி மேலே போகும். அதனால், யாரும் எதிர்பார்க்காத புதிய யோசனையைக் கடைசி ஸ்லைடில் போட்டு அசத்தலாம் என்ற எண்ணத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அசத்தாது, சங்கடப்படுத்தும். சொல்ல வேண்டியதை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். நேரில் கேட்க வேண்டிய நல்ல கேள்வி, "இதை வேறு யாரெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்?" என்பதுதான்.

சரி, அவர்கள் சொல்வதை நாம் தப்பாகப் புரிந்துகொள்வது ஒரு பக்கம். நாம் சொல்வதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வது இன்னொரு பக்கம், அதுதான் எனக்கு அதிக ஆபத்தாகப் படுகிறது. "வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிடறோம்" என்பது நம் ஊரில் நல்லெண்ணம். அங்கே அது தேதி. நோட்டில் குறித்துக்கொள்வார்கள், அதை வைத்து அடுத்த ஆளின் வேலையைத் திட்டமிடுவார்கள். தெரியாவிட்டால், "கேட்டுவிட்டுப் புதன்கிழமை சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை பதில் தயாரில்லை என்றாலும் 'இன்னும் தயாரில்லை' என்று ஒரு மெயில் போடுங்கள்.

பெயர் விஷயம் நமக்கென்றே உள்ள தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பா பெயரை எழுதியிருப்போம். ஜப்பானில் குடும்பப் பெயரோடு, நம் 'சார்' மாதிரி, 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே செந்திலை நாள் முழுக்க "முருகேசன்-சான்" என்று அழைப்பார்கள். அந்த முருகேசனோ ஊரில் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருப்பார். முதல் மெயிலிலேயே எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எழுதிவிடுங்கள், விசிட்டிங் கார்டிலும் அந்தப் பெயர் பெரிதாக இருக்கட்டும். ஹோட்டல் பதிவு மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

கார்டை எழுத்து அவர் பக்கம் பார்க்கும்படி இரண்டு கையாலும் கொடுத்து, அவருடையதை அதே மாதிரி வாங்கி, ஒரு நிமிடம் படியுங்கள். பேன்ட் பின்பாக்கெட்டில் செருகாதீர்கள், அவர் முன்னாலேயே அதில் குறிப்பு எழுதாதீர்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே கார்டுகளை மேசையில் அடுக்கி வைத்தால் பெயர் குழம்பாது. கதவுக்குத் தொலைவான பக்கம் விருந்தாளியுடையது; அடக்கமாக இருக்கிறேன் என்று கதவோரம் உட்கார்ந்தால் அவர்களுக்குத்தான் திண்டாட்டம்.

நேரத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், வழியைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு 200-க்கும் மேல் வாசல்கள். தப்பான வாசலில் ஏறினால் கால் மணி நேரம் போச்சு. எந்த வாசல் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அங்கே காலை 9 மணி என்பது நம் உடம்புக்கு விடிகாலை 5.30 என்பதும் நினைவிருக்கட்டும். ரயில் தாமதம் என்று சும்மா சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை; ஐந்து நிமிடம் தாமதமானாலே அதற்கு ரயில்வே அத்தாட்சிச் சீட்டு தருகிற ஊர் அது. நரிட்டா விமான நிலையம் நகரத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். இரவு வெகு நேரம் கழித்து இறங்குகிற மலிவு டிக்கெட்டை எடுத்துவிட்டுக் கடைசி ரயிலைத் தவறவிட்டால், மிச்சம் பிடித்ததெல்லாம் டாக்ஸிக்கே போய்விடும்.

சைவர்கள் ஏமாறுவது சூப்பில். மிசோ சூப்பில் மிதப்பது டோஃபுவும் கடற்பாசியுமாகத்தான் இருக்கும். ஆனால் அடியில் இருக்கும் 'தாஷி' சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுத்தது. ஊடோன், சோபா என்ற நூடுல்ஸ்களின் குழம்பும் அப்படியே. "மாமிசம் வேண்டாம்" என்றால் மீன் அதில் அடங்காது, தனியாகச் சொல்ல வேண்டும். இதற்குப் பயந்து சிலர் எலெக்ட்ரிக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் அதில் ஐந்தில் ஒரு பங்கு சூடுகூடத் தராது, அரிசி ஊறிக் கிடக்கும். அதற்குப் பதில் இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாய் பக்கம் ரயில் ஏறுங்கள்.

மாலையில் சாப்பிடக் கூப்பிட்டால் போய்விடுங்கள். மீட்டிங்கில் வராத உண்மையான கவலைகள் பல நேரம் அங்கேதான் வெளியே வரும். குடிக்காதவர்கள் ஊலாங் டீ சொன்னால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. எல்லோரும் 'கன்பாய்' (சியர்ஸ்) சொல்லும்வரை கிளாஸில் வாய் வைக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரின் கிளாஸ் காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் வைக்காதீர்கள், மறந்துவிட்டீர்கள் என்று பணத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார்கள்.

பெட்டி கட்டும்போது மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துகளை அங்கே கொண்டுபோகத் தடை இருக்கிறது. டோக்கியோ முடிந்து ஒசாகா என்றால் பெட்டியின் அளவையும் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் அங்கே போகும் ஷின்கான்சென் புல்லட் ரயிலில் பெட்டிக்கு இடமுள்ள இருக்கையை முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1,000 யென் கட்டணம். பேசாமல் ஹோட்டல் வரவேற்பறையில் கூரியருக்குக் கொடுத்துவிடுங்கள், வழக்கமாக மறுநாள் ஒசாகா ஹோட்டலில் வந்து நிற்கும். லேப்டாப், விசிட்டிங் கார்டு, மறுநாள் சட்டை மட்டும் கைப்பையில் இருந்தால் போதும்.